திண்ணை விளக்குக்கு வந்த வெள்ளை விட்டிலும் போன ஆடியில் கடலையைத் தின்ற புழுவும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். செங்கம் பக்கம் மானாவாரியில் இரண்டரை ஏக்கர் நிலக்கடலை. விதைத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. ஐந்து நாளைக்கு முன் கனமழை. மழை பெய்த மூன்றாம் நாள் இரவு திண்ணை விளக்கைச் சுற்றி ஐம்பது அறுபது வெள்ளை விட்டில்கள் வந்திருக்கின்றன, இறக்கை ஓரத்தில் மஞ்சள் கோடு. போன வருஷம் ஆடியில் சிவந்த கம்பளிப்புழு வந்து கடலையை மொட்டையாக்கிப் போனது. இந்த விட்டிலும் அந்தப் புழுவும் ஒன்றா, கோடை உழவு ஓட்டியும் எப்படி வந்தது, இப்போதே மருந்து அடித்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

ஒன்றுதான். உங்கள் திண்ணைக்கு வந்தது சிவப்புக் கம்பளிப்புழுவின் தாய்ப்பூச்சி. மருந்து இன்றைக்கு வேண்டாம், ஏனென்றால் இன்று உங்கள் வயலில் புழுவே இல்லை, முட்டைதான் இருக்கிறது. ஆனால் சும்மா இருக்கவும் நேரமில்லை. இந்தப் பூச்சியைக் கைக்குள் அடக்குகிற நாட்கள் வருஷத்தில் பதினைந்துக்கு மேல் கிடையாது. அதில் இரண்டு நாள் ஏற்கெனவே போய்விட்டது.

அடையாளத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். நாளை இரவு ஒன்றைப் பிடித்து வெள்ளைத்தாள் மேல் வையுங்கள். நடுத்தர அளவு, உடம்பு தடித்தது. உட்காரும்போது இறக்கையைக் கூரை போல் சாய்த்து மூடிக்கொள்ளும். அப்போது தெரிவது முன்னிறக்கை மட்டும். வெள்ளையும் பழுப்புமாகக் கோடு கோடாக இருக்கும். அதன் முன்விளிம்பு நெடுக ஒரு மஞ்சள் பட்டை ஓடும், தலையிலும் மஞ்சள் பட்டை உண்டு. அடுத்து ஓர் ஈர்க்குச்சியால் முன்னிறக்கையை மெல்ல விலக்கிப் பின்னிறக்கையைப் பாருங்கள். பழுப்புக் கோடுகள் இல்லாத வெள்ளை, அதில் கறுப்புப் புள்ளிகள். விளிம்பில் மஞ்சள், பின்னிறக்கையில் கறுப்புப் புள்ளி, இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இதன் அறிவியல் பெயர் அம்சாக்டா அல்பிஸ்டிரைகா. பின்பாதிக்கு லத்தீனில் வெள்ளைக் கோடு என்று பொருள்; பெயர் வைத்தவரின் கண்ணில் முதலில் பட்டதும் அந்த முன்னிறக்கைதான்.

விளிம்பு மஞ்சளாக இல்லாமல் சிவப்பாக இருந்தால் அது வேறு இனம். வடமாநிலங்களில் பயிரை அழிக்கிற அம்சாக்டா மூரி அப்படித்தான், அச்சு அசல் இதைப் போலவே இருந்து மஞ்சளுக்குப் பதில் சிவப்பைப் பூசிக்கொண்டது. வெள்ளை இறக்கை முழுவதும் சிவப்பும் கறுப்புமாகப் பொட்டு வைத்தது போலிருந்தால் அது சணப்பில் வருகிற விட்டில், கடலைக்காரர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பழுப்பு முன்னிறக்கையில் வெள்ளைக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடினால் அது புரோடீனியா என்று நாம் சொல்கிற புகையிலை வெட்டுப்புழுவின் விட்டில். அதுவும் கடலைக்கு வரும், ஆனால் அதன் புழுவுக்கு உடம்பில் கம்பளி கிடையாது. முட்டையிலும் வேறுபாடு உண்டு. புரோடீனியா தன் முட்டைக் குவியலைப் பழுப்பு மயிரால் போர்த்திவிடும். நம்முடைய விட்டில் போர்த்துவதில்லை. மஞ்சள் வெளுப்பான முட்டைகள் கடுகை நெருக்கி வைத்தாற்போல் வெறுமனே கிடக்கும். நாளைக் காலை இலையைத் திருப்பிப் பார்க்கும்போது இந்த வேறுபாடு உங்களுக்குக் கைகொடுக்கும்.

போன ஆடியில் நீங்கள் பார்த்த புழுவையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். விரல் நீளம், அதாவது ஐந்து சென்டிமீட்டர் வரை வளரும். செம்பழுப்பு நிறம், இரண்டு முனையிலும் கறுப்பு, உடம்பெல்லாம் நீண்ட செம்மயிர். நடக்கவே தெரியாது, ஓட்டம்தான். உடம்பில் பட்டால் சுணை ஏறி அரிக்கும். இத்தனையும் பொருந்தினால் கதையின் ஒரு முனை அந்தப் புழு, மறுமுனை இந்த விட்டில். நடுவில் ஏறக்குறைய பத்து மாதம் மண்ணுக்குள் போயிருக்கிறது. பலருக்கும் புரியாமல் போவது அந்தப் பத்து மாதம்தான். அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முழுதாக வளர்ந்த புழு தின்பதை நிறுத்திவிட்டு மண்ணைத் தேடும். வயலின் நடுவில் அது அவ்வளவாக இறங்காது. வரப்போரம், வேம்போ புளியோ நிற்கிற நிழல், கொஞ்சம் ஈரம் தங்குகிற இடம், இவற்றைத்தான் நாடும். பத்து முதல் இருபது சென்டிமீட்டர் ஆழம் வரை துளைத்து இறங்கி, சுற்றிலும் மண்ணைக் கெட்டித்து ஓர் அறை செய்துகொள்ளும். அதற்குள் கம்பளித் தோலைக் கழற்றிவிட்டுக் கருஞ்சிவப்பான கூட்டுப்புழுவாக மாறும். ஈச்சங்கொட்டை போல இருக்கும், கையில் எடுத்து அழுத்தினால் வால் பக்கம் மட்டும் மெல்ல அசையும்.

அதன்பின் நடப்பது உறக்கம். ஆவணி புரட்டாசியில் உறங்கப் போனது அடுத்த மழைப் பருவத்தில்தான் விழிக்கிறது. நீங்கள் கேட்காவிட்டாலும் ஒரு கேள்வி இங்கே எழ வேண்டும். மழைதான் அதை எழுப்புகிறது என்றால், ஐப்பசி கார்த்திகையில் கொட்டுகிற அடைமழைக்கு அது ஏன் எழுவதில்லை? மண் அப்போதும்தான் ஊறுகிறது. காரணம், அது ஈரத்துக்காகக் காத்திருக்கிற வெறும் காத்திருப்பு இல்லை. உடம்பின் வளர்ச்சியே நிறுத்திவைக்கப்பட்ட நிலை அது. அந்த நிறுத்தம் தன் காலத்தைக் கடந்தாக வேண்டும். பனிக்காலமும் கோடையும் போன பிறகுதான் ஈரம் என்கிற சொல்லுக்கு அந்த உடம்பு காது கொடுக்கும். விதைநெல்லுக்கு உறக்கக்காலம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அறுத்த கையோடு ஊறவைத்தால் எல்லா நெல்லும் முளைப்பதில்லை அல்லவா, ஏறக்குறைய அதுதான் இது. பெரும்பான்மைக் கூட்டுப்புழுக்கள் இப்படி ஒரு வருஷத்துக்கு ஒரே தலைமுறை என்று வாழ்கின்றன. மானாவாரி மண்ணில் இளந்தழை கிடைக்கிற பருவம் ஒன்றுதான் என்று காலங்காலமாகப் பழகிய உயிர் இது. நாம் ஆடிப்பட்டம் தேடி விதைக்கிறோம், அதுவும் நம்மோடு சேர்ந்து அந்தப் பட்டத்தையே தேடுகிறது.

பருவம் வந்து, கூட்டுப்புழு கிடக்கிற ஆழம் வரை மண் நனைகிற மாதிரி ஒரு மழை பெய்தால், இரண்டு மூன்று நாளில் விட்டில்கள் வெளியே வந்துவிடும். பொழுது சாய்ந்த பிறகுதான் வரும். ஈசல் போல ஒரே மாலையில் எல்லாமும் வந்து தீர்ந்துவிடாது. அடுத்த மழைக்கு அடுத்த தொகுதி வரும். உங்கள் விதைப்பு மழைக்கு வராமல் இந்த மழைக்கு வந்ததன் காரணமும் அதுதான் என்று நினைக்கிறேன். விதைக்கப் போதுமான ஈரம் வேறு, ஒரு சாண் ஆழத்துக்கு இறங்குகிற ஈரம் வேறு.

ஒரு பெண் விட்டில் அறுநூறு எழுநூறு முட்டை வைக்கும். கடலை இலையின் அடிப்பக்கம் மட்டும் அல்ல; வரப்புப் புல், காராமணி, ஆமணக்கு, களைச்செடி, சில வேளை மண்கட்டி மேலும் கூடக் குவியலாக வைக்கும். இரண்டு மூன்று நாளில் பொரியும். பொரிந்த குஞ்சுகள் இளம் பழுப்பு நிறம், நூல்முனை மாதிரி. அவை பிரிந்து போகாது. பிறந்த இலையின் அடிப்பக்கத்திலேயே கூட்டமாக உட்கார்ந்து பச்சையத்தைச் சுரண்டும். மேலே இருந்து பார்த்தால் அந்த இலை மட்டும் எண்ணெய்த்தாள் மாதிரி வெளுத்து நிற்கும். ஏறக்குறைய பத்து நாள் இப்படி. அதன்பின் கூட்டம் கலைந்து ஆளுக்கொரு செடி என்று பரவி, இலையை முழுதாகத் தின்னத் தொடங்கும். புழுப்பருவம் மொத்தம் நாற்பது ஐம்பது நாள். கடைசி இரண்டு வாரத்தில்தான் அசுரப் பசி. ஒரு வயல் முடிந்ததும் அடுத்த வயலுக்குப் படையாக நடக்கும். போன வருஷம் உங்கள் கடலை மாடு மேய்ந்தது போல் தண்டும் காம்புமாக நின்றதாக எழுதியிருந்தீர்கள். அது அந்த இரண்டு வாரத்தின் வேலை.

இதை உங்கள் பயிரின் வயதோடு பொருத்திப் பாருங்கள், வயிற்றைக் கலக்கும். மழை பெய்த நாளில் உங்கள் கடலைக்கு வயது ஏழு. இன்றோ நாளையோ முதல் முட்டைகள் பொரியும். குஞ்சுகள் கலைந்து பரவும்போது பயிருக்கு இருபத்திரண்டு இருபத்துமூன்று நாள், பூ எடுக்கத் தயாராகும் நேரம். புழுவின் பெரும்பசி வரும்போது பயிருக்கு நாற்பது நாளுக்கு மேல். பூ முடிந்து, காயாகப் போகிற விழுது மண்ணில் இறங்குகிற சமயம் அது. இளம்பயிரில் இலை போனால் செடி ஓரளவு தேற்றிக்கொள்ளும். விழுது இறங்கும்போது இலை போனால் காய்க்குப் போகிற ஊட்டமே அறுந்துபோகிறது. ஆகவே இன்றைக்கு ஒரு சேதமும் தெரியவில்லையே என்று இருந்துவிடாதீர்கள்.

இனி வேலை. நாளைக் காலையே வீட்டில் இருக்கிற எல்லாரும் ஆளுக்கு ஒரு சாலாக நடந்து இலையைத் திருப்பிப் பாருங்கள். முட்டைக் குவியல் இருக்கிற இலையையும் வெளுத்த இலையையும் கிள்ளி, கொஞ்சம் மண்ணெண்ணெயோ சோப்புத்தூளோ கலந்த நீர் வாளியில் போடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இரண்டு வாரம் இதைச் செய்ய வேண்டும். சலிப்பான வேலை என்பது தெரியும். ஆனால் கணக்குப் பாருங்கள்: இன்று ஓர் இலையைக் கிள்ளினால் நூற்றுக்கணக்கில் போகிறது. இருபது நாள் கழித்து அதே எண்ணிக்கையைக் கொல்ல ஒரு ஏக்கர் முழுவதும் மருந்து அடிக்க வேண்டும். நூறு மீட்டர் நீளச் சாலில் எட்டு முட்டைக் குவியல் தென்பட்டால் தாக்குதல் கடுமை என்பது பரிந்துரைக் கணக்கு. ஆகவே கிள்ளும்போதே எண்ணி எழுதிவையுங்கள். வரப்பில் நிற்கிற களையையும் ஆமணக்கையும் விட்டுவிடாதீர்கள், கடலையை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதி வேலைதான் ஆகும்.

ஓரத்தில் சுற்றிலும் காராமணியோ துவரையோ ஒரு வரிசை போட்டிருந்தால் உங்கள் வேலை பாதியாகக் குறைந்திருக்கும். விட்டில் அதில் விரும்பி முட்டை வைக்கும், தேடுகிறவருக்கு இடம் தெரிந்துவிடும். அடுத்த வருஷம் விதைக்கும்போதே மறக்காமல் போடுங்கள்.

இரவில் விளக்குப்பொறி. ஏழு மணியிலிருந்து பதினொரு மணி வரை எரிந்தால் போதும். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு முக்காலி, குண்டு பல்பு, அதன் கீழே அகலமான தாம்பாளத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிய தண்ணீர். மின்சாரம் இல்லாத காட்டில் சருகும் விறகும் போட்டுச் சொக்கப்பனை மாதிரி தீ மூட்டுவதும் பழைய வழக்கம், பலன் தரும். ஒரு எச்சரிக்கை. விளக்கை எரியவிட்டுவிட்டுக் கீழே தண்ணீர் வைக்காமல் போனால், அக்கம்பக்கத்து விட்டிலையெல்லாம் அழைத்துவந்து உங்கள் வயலிலேயே முட்டை வைக்கச் சொன்னதாகிவிடும். திண்ணை விளக்கையும் இந்தப் பத்து நாள் சீக்கிரம் அணைத்துவிடுங்கள்.

இதை நீங்கள் மட்டும் செய்தால் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் பணியில் இருந்த காலத்தில் ஒரு ஊரில், மழை பெய்த அன்றே தண்டோரா போட்டு, இரவு காட்டுக்குக் காடு தீ மூட்டினார்கள். காலையில் பள்ளிக்கூடம் போகும் முன் பிள்ளைகள் இலை கிள்ளிக் கொண்டுவந்து வரப்பில் குவித்தார்கள். அந்த வருஷம் அங்கே கடலை தப்பியது. ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள், மருந்து அடித்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். ஆடி கடைசியில் அந்தப் பக்கத்துப் புழு ஓடையைத் தாண்டி வரத் தொடங்கியது. ஊரே மண்வெட்டியோடு ஓடைக்கரையில் நின்றதை இன்றும் மறக்கவில்லை. இந்த மாதிரிப் பூச்சிகளுக்குத் தனியாள் வேலி கிடையாது என்பது பழைய அனுபவம். 1919ஆம் ஆண்டிலேயே மதராஸ் மாகாணத்தில் வேளாண் பூச்சி நோய்ச் சட்டம் ஒன்று வந்தது. ஒரு பூச்சியை அரசு அறிவிக்கை செய்துவிட்டால், அந்தப் பகுதியில் நிலம் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் கட்டுப்பாட்டு வேலையைச் செய்தே தீர வேண்டும் என்றது அது. அறிவிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே பக்கத்து நிலத்துக்காரர்கள் நாலு பேரிடம் பேசுங்கள். உங்கள் விளக்குக்கு வந்த விட்டில் அவர்கள் வரப்பிலிருந்தும் கிளம்பியிருக்கலாம்.

எவ்வளவு கிள்ளியும் கொஞ்சம் தப்பும். தப்பியது இரண்டு வாரத்துக்குள், கூட்டமாக இருக்கும்போதே கண்ணில் பட்டால், அந்த இடத்தில் மட்டும் மருந்து போதும். இந்தப் புழுவுக்கென்றே ஒரு நச்சுயிரி உண்டு, என்.பி.வி. என்பார்கள். அந்தி நேரத்தில் தெளித்தால் இளம்புழுக்கள் தின்று நோய் கண்டு சாகும், தேனீக்கும் சிலந்திக்கும் கேடில்லை. கிடைக்கிறதா என்று உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். இரசாயன மருந்தையும் அளவையும் இங்கே நான் எழுத மாட்டேன். அனுமதி மாறிக்கொண்டே இருக்கிறது, அவர்களிடம் கேட்டு அடிப்பதே சரி. கம்பளி முழுதாக வளர்ந்த பிறகு அடிக்கிற மருந்து பெரும்பாலும் காசுக்குக் கேடு என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். மயிர்ப்போர்வையைத் தாண்டி மருந்து உடம்பில் படுவது கடினம்.

வளர்ந்த புழு பக்கத்து நிலத்திலிருந்து படையாக வருவது தெரிந்தால், வருகிற திசையில் வரப்பை ஒட்டி ஒரு அடி ஆழம், முக்கால் அடி அகலத்தில் கால்வாய் வெட்டுங்கள். சுவர் செங்குத்தாக இருக்க வேண்டும், சரிவாக வெட்டினால் ஏறி வந்துவிடும். எருக்கு, காட்டாமணக்குத் தழைகளை உள்ளே போட்டுவைத்தால் விழுந்த புழு அதில் ஒண்டும், காலையில் அங்கேயே அழித்துவிடலாம். கைக்குத் துணி சுற்றிக்கொள்ளுங்கள். அந்த வேளையில் சுடலைக்குயில் வயலோரம் வந்து அமர்ந்தால் விரட்டாதீர்கள். மற்ற பறவைகள் தொடத் தயங்குகிற கம்பளிப்புழுவை விரும்பித் தின்கிற இனம் அது. புழுவை அலகில் கவ்வி நெடுக நசுக்கி உள்ளிருப்பதை உதறிவிட்டுத்தான் விழுங்கும். ஒரு தடவை பார்த்தால் கண்ணெடுக்க மனம் வராது.

கடைசியாக, கோடை உழவு ஓட்டியும் ஏன் வந்தது என்றீர்கள். உழவில் குறையில்லை. சித்திரையில் ஓட்டிய உழவில் நடுவயலில் கிடந்த கூட்டுப்புழு மேலே வந்து வெயிலில் காய்ந்திருக்கும், காகமும் மைனாவும் கொக்கும் தின்றிருக்கும். ஆனால் ஏர் வரப்பைத் தொடாது, புளிய மரத்தடியைத் தொடாது. கூட்டுப்புழுவில் பெரும்பங்கு கிடந்தது அங்கேதான். இந்த ஆவணிக் கடைசியில், புழு நடமாட்டம் ஓய்ந்ததும், கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு வரப்பை ஒரு சாண் ஆழம் கொத்திப் பாருங்கள். மரத்தடியில் சருகை ஒதுக்கிவிட்டுக் கொத்துங்கள். ஈச்சங்கொட்டைகள் கைநிறையக் கிடைக்கும். கோழிக்குப் போட்டுவிடுங்கள். சித்திரையில் உழும்போது மறுபடி ஒரு தடவை அதே இடங்களில் கொத்துங்கள்.

நாளை இலை திருப்பும்போது முட்டை கண்ணில் பட்டால், பின்னிறக்கை தெரிகிற மாதிரி விட்டிலையும் சேர்த்து ஒரு படம் அனுப்புங்கள். மழை பெய்த தேதியையும் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். இன்னொரு கனமழை வந்தால் அந்தத் தேதியிலிருந்து மூன்றாம் நாள் இரவு மறுபடி விளக்கு வைக்க வேண்டும்.